காசநோய் மாத்திரை சாப்பிடும்போது படர்தாமரை வந்தால் என்ன செய்வது?

காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குப் படர்தாமரை என்ற தோல் பூஞ்சைத் தொற்றும் வந்துவிட்டால், மெடிக்கலுக்குப் போய் "அரிப்புக்கு ஒரு கேப்ஸ்யூல் குடுங்க" என்று கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூடாது. நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். ஏன் கூடாது, பதிலுக்கு என்ன செய்யலாம், இரண்டு மருந்தையும் எப்படி முறையாக எடுப்பது என்பதை விளக்கமாகவே சொல்கிறேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். காசநோய் மாத்திரையும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன், தோல் ஓபி சீட்டுக்கும் நான்தான் கொடுக்கிறேன். ஒரே ஆள் இரண்டு வரிசையிலும் வந்து நிற்பது எனக்குத் தெரிந்துவிடும். அங்கே பார்க்கும் டாக்டருக்கு இங்கே நடப்பதும், இங்கே பார்ப்பவருக்கு அங்கே நடப்பதும் பல நேரம் தெரிவதில்லை. நோயாளியும் "நெஞ்சுச் சளிக்கும் தோல் அரிப்புக்கும் என்ன சம்பந்தம்" என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்.

சம்பந்தம் இருக்கிறது. கொத்தனார் ஒருவர் மஞ்சப்பையை கவுண்டரில் கவிழ்த்தார். காசநோய் மாத்திரை அட்டை, சிகிச்சை கார்டு, வெளியே வாங்கிய, இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தின் 200 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒரு பட்டை, அடிவரை பிதுக்கிய ஒரு ட்யூப். அரைஞாண் கயிறு கிடக்கும் இடத்தில் தொடங்கித் தொடை வரை வட்ட வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்திருந்தது. "மேடம், ராத்திரி தூங்க முடியல. ஒண்ணரை மாசமா இத முழுங்குறேன், ஒண்ணும் கேக்கல. முன்னாடி நூறு குடுத்தாங்க, பவர் பத்தலன்னு இப்ப எரநூறு. டிபி மாத்திரையாலதான் இந்த அரிப்போ என்னவோ, அத நிறுத்திடலாமான்னு பாக்குறேன்" என்றார். "அண்ணே, பவர் பத்தாம இல்ல. நீங்க காலையில போடுற சிவப்பு மாத்திரை இந்தக் கேப்ஸ்யூல உடம்புல தங்க விடாது. நிறுத்த வேண்டியது கேப்ஸ்யூலத்தான், டிபி மாத்திரைய இல்ல" என்று சொல்லி, தோல் டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். கிரீமை மாற்றி எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சிவப்பு மாத்திரையில் இருப்பது ரிஃபாம்பிசின். காசநோய்ச் சிகிச்சையின் முதுகெலும்பே அதுதான். கல்லீரலில் மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதிகள் உண்டு. ரிஃபாம்பிசின் தினமும் உள்ளே போகப் போகக் கல்லீரல் அந்த நொதிகளை அதிகமாகச் சுரக்க ஆரம்பிக்கும். இரண்டு வாரத்துக்குள் அது முழு வேகத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு அதே நொதியால் உடையும் எந்த மருந்தைச் சாப்பிட்டாலும், வேலை செய்வதற்கு முன்பே அது கரைந்து போகும். இட்ராகோனசோல் இதில் அடிபடுகிற முதல் மருந்து. ரிஃபாம்பிசினோடு சேரும்போது ரத்தத்தில் அதன் அளவு அளக்க முடியாத அளவுக்கே விழுந்துவிடுவதுண்டு. நூறை இருநூறாக்கினாலும் பயனில்லை. காசு போகும், கல்லீரலுக்குச் சுமை ஏறும், பூஞ்சை அப்படியே இருக்கும்.

மற்ற பூஞ்சை மாத்திரைகள் எல்லாமே இந்த அளவுக்கு அடிபடுவதில்லை. ஃப்ளூகோனசோலின் அளவு சுமார் கால்வாசி குறையும். டாக்டர் தேவைப்பட்டால் டோஸைக் கூட்டிக் கொடுப்பார். டெர்பினாஃபின் இரண்டு மடங்கு வேகத்தில் உடம்பை விட்டுப் போகும். வோரிகோனசோலை ரிஃபாம்பிசினோடு கொடுக்கவே கூடாது. கீட்டோகோனசோல் மாத்திரையைத் தோல் பூஞ்சைக்கு யாருமே சாப்பிட வேண்டாம், காசநோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கல்லீரலைக் கெடுக்கிறது என்று ஐரோப்பாவில் 2013இல் அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். கிரீமாகவும் ஷாம்பூவாகவும் அது நல்ல மருந்து.

கல்லீரல் என்று சொன்னேன் அல்லவா, அது இரண்டாவது காரணம். காசநோய் மாத்திரையில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைப் பாதிக்கக் கூடியவை. பூஞ்சை மாத்திரைகளும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்து காமாலை வந்துவிட்டால், எந்த மருந்தால் வந்தது என்று கண்டுபிடிக்கும் வரை காசநோய் மாத்திரையையும் நிறுத்த வேண்டிவரும். படர்தாமரைக்காக அந்த நிலைமைக்குப் போகக் கூடாது. படர்தாமரை தொல்லைதான், தூக்கத்தைக் கெடுக்கும்தான். ஆனால் அது உயிரை எடுக்காது. காசநோய் எடுக்கும், வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும்.

அதனால் முதலில் கிரீம்

தோலில் பூசுகிற மருந்து ரத்தத்துக்குள் போவது மிகக் குறைவு. ரிஃபாம்பிசினால் அதை ஒன்றும் செய்ய முடியாது. க்ளோட்ரிமசோல், கீட்டோகோனசோல், டெர்பினாஃபின், லூலிகோனசோல் என்று பல கிரீம்கள் இருக்கின்றன. டாக்டர் எழுதும் ஒன்றை ஒழுங்காகப் போட்டால் போதும். ஒழுங்காக என்பதுதான் முக்கியம். பெரும்பாலானோர் அரிக்கிற இடத்தில் பொட்டு வைக்கிற மாதிரி தடவிவிட்டுப் போகிறார்கள்.

குளித்து, நன்றாகத் துடைத்து, தோல் காய்ந்த பிறகு போடுங்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூபைப் பிதுக்கினால் வரும் அளவு, விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்குச் சரியாக இருக்கும். வட்டத்தின் சிவந்த ஓரத்தில்தான் பூஞ்சை உயிரோடு பரவிக்கொண்டிருக்கும். நடுவில் தோல் தெளிந்த மாதிரி தெரியும். எனவே ஓரத்துக்கு வெளியே ஒன்றிரண்டு விரல்கடை அகலம் நல்ல தோலிலும் பூசி, அங்கிருந்து உள்நோக்கி வாருங்கள். வெளியிலிருந்து உள்ளே, இதை மறக்க வேண்டாம். அரிப்பு நின்ற அன்றே ட்யூபை மூடி வைக்காதீர்கள். தோல் பார்வைக்குச் சுத்தமான பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும்.

ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள், அல்லது படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மோமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று இருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. கொத்தனாரின் ட்யூபில் க்ளோபெட்டசால் இருந்தது. ஸ்டீராய்டு போட்ட இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். ஆனால் அது பூஞ்சையைக் கொல்லவில்லை, தோலின் எதிர்ப்பைத்தான் அடக்கி வைத்திருக்கிறது. நிறுத்தினால் முன்பைவிட அகலமாகப் பரவும். மாதக்கணக்கில் போட்டால் தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரி வரியாகக் கிழிந்த தழும்பு வரும், அது போகாது. 2018இலேயே அரசு இந்தக் கிரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது. இன்னமும் கேட்டால் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. என் தொழிலைச் சேர்ந்தவர்களிடம் எனக்கு இது பெரிய மனவருத்தம்.

அரைஞாண் கயிற்றையும் கையில் கட்டிய சாமி கயிற்றையும் பற்றிச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஈரமும் வியர்வையும் ஊறிய பழைய நூல் கயிற்றில் பூஞ்சை குடியிருக்கும், எத்தனை ட்யூப் போட்டாலும் அங்கிருந்து திரும்ப வரும். சிகிச்சை முடியும் வரை கழற்றி வையுங்கள். மனம் கேட்கவில்லை என்றால் புதுசாக மாற்றிக் கட்டி, குளித்ததும் அதையும் உலர்த்துங்கள். துண்டு, கைலி, உள்ளாடை ஆளுக்குத் தனி. வெயிலில் நன்றாகக் காயட்டும், உள்பக்கம் வெளியே தெரியும்படி போடுங்கள். வீட்டில் வேறு யாருக்கு அரிப்பு இருந்தாலும் அவர்களுக்கும் அதே சமயத்தில் மருந்து போட வேண்டும். வண்டுகொல்லி இலையை அரைத்துப் பூசுகிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. வெளியே பூசுவதால் காசநோய் மாத்திரைக்குத் தொந்தரவில்லை. தோல் எரிந்தால், கசிந்தால் நிறுத்திவிடுங்கள்.

தேமலுக்கும் இதே வழிதான்: கீட்டோகோனசோல் ஷாம்பூ அல்லது டாக்டர் சொல்லும் லோஷன். டெர்பினாஃபின் மாத்திரை தேமலுக்குக் கேட்காது. வாயில் வெள்ளையாகப் படிந்தால் க்ளோட்ரிமசோல் மவுத் பெயின்ட் இருக்கிறது. அதோடு சர்க்கரையையும் பரிசோதித்துப் பார்த்துவிடுங்கள். நகச்சொத்தைக்குக் கால்விரல் என்றால் மூன்று மாதம் டெர்பினாஃபின் சாப்பிட வேண்டும். அவசரமே இல்லை, காசநோய்ச் சிகிச்சை முடியட்டும்.

கிரீமுக்கு அடங்காத அளவுக்கு உடம்பெல்லாம் பரவியிருந்தால் மாத்திரை தேவைப்படலாம். அப்போது தோல் டாக்டரும் காசநோய் டாக்டரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். இட்ராகோனசோல்தான் வேண்டும் என்றால், கடைசி ரிஃபாம்பிசின் மாத்திரை போட்டு இரண்டு வாரமாவது போகட்டும். நொதிகள் பழைய அளவுக்கு இறங்க அவ்வளவு காலம் பிடிக்கும். அந்தக் கேப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் போட வேண்டும், வயிற்றில் அமிலம் இருந்தால்தான் கரையும். தினமும் காலையில் கேஸ் மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இருதய பலவீனம் உள்ளவர்களும், கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்லியே ஆக வேண்டும். 100, 200 என்றும் வருகிறது, 65, 130 என்றும் வருகிறது. பின்னது உடம்பில் அதிகம் சேரும்படி செய்த வேறு தயாரிப்பு; எண்ணைப் பார்த்து ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாற்றக் கூடாது.

காசநோய் மாத்திரையைச் சாப்பிடும் விதம்

மருந்துக்குக் கட்டுப்படுகிற சாதாரண காசநோய்க்கு மொத்தம் ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு நீங்கலாக மூன்று மருந்து. தினமும் எத்தனை என்பது எடையைப் பொறுத்தது: 35 முதல் 49 கிலோ வரை 3, 50 முதல் 64 கிலோ வரை 4. ஆகவே எடை ஏறினால் எங்களிடம் வந்து சொல்லுங்கள், எண்ணிக்கை மாறும். மூன்று மாத்திரை என்றால் காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று பிரிக்காதீர்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் போட வேண்டும். கிருமியைக் கொல்லும் அளவுக்கு மருந்து ரத்தத்தில் ஏற வேண்டும் அல்லவா.

காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு. குமட்டினால் இரண்டு இட்லியோடு போடுங்கள். போடாமல் விடுவதற்கு அது எவ்வளவோ மேல். வாந்தி வருகிறது என்று முதலில் ஆன்டாசிட் சிரப்பைக் குடித்துவிட்டு மாத்திரை போட்டால் மருந்து சரியாக ஏறாது. சிரப் தேவையென்றால் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாம் செம்மஞ்சள் நிறமாகும். அது ரிஃபாம்பிசினின் நிறம், ரத்தமில்லை. முதல் நாளே இதைச் சொல்லாததால் பயந்து மாத்திரையைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் மறந்தால் நினைவு வந்ததும் அன்றைக்கே போடுங்கள். நாள் முழுக்க விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாதீர்கள், எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

கை கால் மதமதப்பு வராமல் இருக்க ஐசோனியாசிடோடு பைரிடாக்சின் என்ற வைட்டமின் மாத்திரை தருகிறோம். "இது சத்து மாத்திரைதானே" என்று விட்டுவிடாதீர்கள். கடற்கரைப் பக்கம் உள்ளவர்களுக்கு இன்னொன்று: ஐசோனியாசிட் சாப்பிடும்போது சூரை மீன் சிலருக்குச் சேராது. முகம் சிவந்து, தலைவலி வந்து, நெஞ்சு படபடக்கும். அதிலும் ஐஸில் நாள்பட்ட மீன் என்றால் கூடுதல் ஆபத்து. மருந்து முடியும் வரை வேறு மீன் வாங்கலாம். நான்காவது மருந்தான எத்தாம்பியூட்டால் கண்ணைப் பாதிக்கக் கூடியது. பார்வை மங்கினாலோ சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாவிட்டாலோ அன்றைக்கே வாருங்கள். முதல் இரண்டு மாதத்தில் வரும் மூட்டுவலி பெரும்பாலும் பைரசினமைடால் வருவது; அதைச் சமாளிக்கலாம்.

அரிப்பும் சில நேரம் இந்த மாத்திரைகளாலேயே வரும். வட்டமாக, ஓரம் தடித்து, செதிலோடு இருந்தால் அநேகமாகப் படர்தாமரை. தோலில் ஒன்றுமே இல்லாமல் உடம்பு முழுக்க அரித்தால் மருந்தின் வேலையாக இருக்கலாம், அதற்கு அரிப்பு மாத்திரை போதும். உடம்பெல்லாம் தடித்து, காய்ச்சலும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும். கண் மஞ்சளாகி, சாப்பாட்டைக் கண்டாலே வாந்தி வந்தாலும் அப்படித்தான். கீழாநெல்லி அரைத்துக் குடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நாள் கடத்தாதீர்கள்.

ரிஃபாம்பிசின் பூஞ்சை மருந்தை மட்டும் உடைப்பதில்லை. கருத்தடை மாத்திரை வேலை செய்யாது. ஆறு மாதமும் அதற்குப் பிறகு ஒரு மாதமும் வேறு ஏற்பாடு வேண்டும். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு எதிர்பாராமல் கர்ப்பமானவர்கள் உண்டு, அதனால் கேட்காமலே நான் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை மாத்திரைகள் சிலவற்றின் பலன் குறையும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வீட்டில் ஒருவருக்கு நோய் என்று மற்றவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கிறோம். வாரம் ஒரு தடவை, மொத்தம் பன்னிரண்டு வாரம் என்று தருவதில் ரிஃபாபென்டின் இருக்கிறது. அதுவும் ரிஃபாம்பிசினின் குடும்பம்தான், மேலே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்றால் கணக்கு தலைகீழ். 2024இல் நம் நாட்டில் அனுமதி கிடைத்த பெடாகுவிலின், பிரிட்டோமானிட், லினெசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆறு மாதக் கூட்டுச் சிகிச்சையில் ரிஃபாம்பிசின் கிடையாது. இங்கே இட்ராகோனசோல் சேர்ந்தால் பெடாகுவிலின் உடையாமல் ரத்தத்தில் ஏறும், இருதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். ஃப்ளூகோனசோலும் துடிப்பைப் பாதிக்கும். இந்த மருந்துகளில் இருப்பவர்கள் இசிஜி பார்த்த டாக்டரின் அனுமதி இல்லாமல் எந்தப் பூஞ்சை மாத்திரையையும் தொடக் கூடாது.

சிகிச்சை முடிந்த பிறகு திரும்பவும் இருமல்

காசநோய் ஆறிய நுரையீரலில் சிலருக்குக் குழி தங்கிவிடும். காற்றில் எங்கும் இருக்கிற ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை அந்தக் குழியில் போய் வளரும். வைக்கோல், மக்கிய எரு, பூசணம் பிடித்த தானியம் புழங்கும் இடத்தில் அது மிக அதிகம், எங்கள் டெல்டாவில் இதெல்லாம் அன்றாட வேலை. அறிகுறிகள் காசநோய் மாதிரியே இருக்கும்: மாதக்கணக்கில் இருமல், எடை குறைவு, சோர்வு, சளியில் ரத்தம். எக்ஸ்ரேயிலும் பழைய வடு தெரியும். "பழைய டிபி திரும்ப வந்துருச்சு" என்று மறுபடியும் ஆறு மாதம் காசநோய் மாத்திரை தொடங்கினால், வீணாகும் அந்தக் காலத்தில் பூஞ்சை நுரையீரலைத் தின்னும்.

ஆகவே சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சிகிச்சை முடித்தவர்களுக்குச் செத்த கிருமியின் மிச்சம்கூட அதில் தெரியலாம் என்பதால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையும் கேளுங்கள். கிருமி இல்லை என்று வந்தும் இருமல் நிற்காவிட்டால் "சார், பூஞ்சையா இருக்குமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சிடி ஸ்கேனும், ஆஸ்பர்ஜில்லஸுக்கு எதிராக உடம்பில் உண்டாகும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் சொல்லிவிடும். உறுதியானால் அதே இட்ராகோனசோல்தான் மருந்து, 200 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, குறைந்தது ஆறு மாதம். ரத்தம் நிறையக் கக்கினால் அது அவசரம். 108க்குப் போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்பதை உலகத்துக்கு நிரூபித்ததே சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில், சானட்டோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்து நல்ல சாப்பாடு கொடுத்தவர்களையும், ஏழை வீட்டிலேயே இருந்து மருந்து மட்டும் வாங்கிச் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். 1959இல் முடிவு வந்தது: குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்து ஒழுங்காக உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். சாப்பாடு வேண்டாம் என்று அர்த்தமில்லை. மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவித்தொகையை 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாயாக்கியிருக்கிறார்கள். முட்டை, பயறு, நிலக்கடலைக்கு அதைச் செலவிடுங்கள். பணம் வரவில்லை என்றால் வங்கிப் புத்தக நகலோடு காசநோய்ப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள்.

எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், காசநோய் கார்டையும் வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைப் பட்டைகளையும் ட்யூப்களையும் ஒரே பையில் எடுத்துப் போய் மேஜையில் வையுங்கள். பட்டையைக் கத்தரித்துக் கொண்டு போனால் பெயர் அச்சடித்த பக்கம் இருக்கும்படி வெட்டுங்கள். மெடிக்கலில் எது வாங்கினாலும் முதல் வார்த்தையாக "டிபி மாத்திரை சாப்பிடுறேன்" என்று சொல்லுங்கள். கூட்டத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால் கார்டைக் காட்டினால் போதும். சந்தேகம் வந்து யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் காசநோய்க்கான இலவச எண் 1800-11-6666.